மருந்தும் மனச்சாட்சியும்



நம் பட்டணத்து வீடுகள் பலவற்றில் கூடத்து மேசைமேல் ஒரு கண்ணாடித் தொட்டியைக் காண்கிறோம். சென்னைக் கொளத்தூரிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் விலைக்கு வரும் வர்ண மீன்கள் அதில் விளையாடுகின்றன. நத்தையும், சிற்றிறாலும், நீர்ச்செடியும் அவற்றோடு குடியிருக்கின்றன. ஒருநாள் மீன் ஒன்று துடுப்பு அழுகி, இரையெடாமல் ஒதுங்கி நிற்கிறது. வீட்டார் இரக்கங்கொண்டு, பிள்ளையின் காய்ச்சலுக்கு வாங்கி மிஞ்சிய மாத்திரையைப் பொடித்துத் தொட்டியில் கரைத்து விடுகிறார்கள். இது நியாயமா? அற்ப விஷயம் என்று நகைக்க வேண்டாம். ஒருவனைக் காப்பதற்காக மற்றவர்களை ஆபத்துக்கு உள்ளாக்கலாமா என்னும் பெரிய கேள்வி இந்தச் சிறு தொட்டிக்குள் அடங்கியிருக்கிறது.

முதலில், தொட்டிக்குள் நடப்பது என்ன? மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒருவகைக் கிருமிகள் அதை நைட்ரைட்டாக மாற்ற, வேறொரு வகை அந்த நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகிறது. வடிகட்டியின் பஞ்சிலும் அடியிலுள்ள கூழாங்கல்லிலும் வாழும் இக்கிருமிகள் இல்லாவிடில், தொட்டியிலுள்ள மீன்கள் தம் கழிவினாலேயே மடியும். கிருமிக்கொல்லி மருந்தோ, இது நல்லது, இது கெட்டது என்று பார்ப்பதில்லை. எரித்ரோமைசின் போன்றவை இந்த நற்கிருமிகளையும் கெடுக்கக் கூடும். அப்போது நோயற்ற மீன்களும் மூச்சுத் திணறும். ஒட்டுண்ணிகளுக்கென்று விற்கும் செம்பு கலந்த மருந்து, மீன் தாங்கும் அளவிலேயே இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும்.

இத்தனைக்கும், அந்த மாத்திரை நோயைத் தீர்க்குமா என்பதே சந்தேகம். வெண்புள்ளி நோய் ஒட்டுண்ணியால் வருவது. கிருமிக்கொல்லி அதை ஒன்றும் செய்யாது. எரித்ரோமைசின் பெரும்பாலும் ஒரு வகைக் கிருமிகளையே அடக்கும். மீனின் துடுப்பை அழுகச் செய்பவை பெரும்பாலும் வேறு வகை. டெட்ராசைக்ளின் கடினநீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு பிணைந்து வலுவிழக்கும்.

“என் எண்ணம் நல்லதுதானே?” என்பீர்கள். 13-ஆம் நூற்றாண்டில் அர்ச். தோமாஸ் அக்குயினார், தற்காப்பைக் குறித்து எழுதுகையில், ஒரே செயலுக்கு இரண்டு விளைவுகள் இருக்கலாம் என்று காட்டினார். ஒன்றை நாம் நாடுகிறோம். மற்றொன்று நாடாமலே நேருகிறது. இதிலிருந்து நன்னெறி நூலோர் சில விதிகளை வகுத்தனர். செயல் தன்னில் தீயதாயிருக்கலாகாது. தீய விளைவை நாம் விரும்பலாகாது. அதையே நன்மைக்கு வழியாகக் கொள்ளலாகாது. தீங்கைத் தாங்கத்தக்க அளவு நன்மையும் பெரிதாயிருக்க வேண்டும். ஆகவே நல்லெண்ணம் அவசியம். ஆனால் அது மட்டும் போதாது.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு சாட்சி உண்டு. நோயுற்ற மாடுகளின் வலி தீர டைக்குளோஃபினாக் என்னும் மருந்து கொடுத்தார்கள். அம்மாடுகள் இறந்தபின் அவற்றைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மாண்டன. 1990-களில் தொடங்கிய இந்த அழிவில், வெண்முதுகுப் பாறுகளில் 100-க்கு 99-க்கு மேல் இந்தியாவில் மறைந்தன. தமிழகத்தில் இன்று அவை பிழைத்திருக்கும் முக்கிய இடம் நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கே. மருந்திட்டவர்கள் கழுகைக் கொல்ல நினைத்தார்களா? இல்லை. காரணம் 2004-இல்தான் வெளிப்பட்டது. அதற்கு முன்பு அது வெல்ல முடியாத அறியாமை, அதில் குற்றமில்லை. மெலாக்சிகம் என்னும் தீங்கற்ற மாற்று மருந்தும் கண்டறியப்பட்டது. 2006-இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு டைக்குளோஃபினாக் தயாரிப்பதைத் தடை செய்தது. அறிந்தபின்னும் அதையே தொடர்பவன் இனி அறியாமையைக் காட்டித் தப்ப முடியாது. கேட்டால் தெரிந்துகொள்ளக் கூடியதைக் கேளாமலிருப்பவனும் அப்படியே.

“மீன்தானே!” என்று தள்ளவும் கூடாது. ஆற்று மீன் நீர் கெட்டால் வேறிடம் நீந்திப் போகும். தொட்டி மீனுக்கோ போக இடமில்லை. அதன் உலகத்துக்கு எல்லை வகுத்தவர் நாமே. ஒரு ஜீவனை அடைத்து வைக்கிறவன், அது தன்னைத் தான் காத்துக்கொள்ளும் வழியை எடுத்துக்கொள்கிறான். ஆகவே காக்கும் கடமையும் அவன் தலைமேல் விழுகிறது.

அப்படியானால், பயந்து சும்மா இருந்துவிடலாமா? அதுவும் தவறே. நோயுற்றதைக் கைவிடுவது இரக்கமாகாது. நோய் மற்றவற்றுக்கும் பரவக் கூடும். நடுவழி ஒன்று உண்டு. முதலில் நீரைச் சோதித்து, ஒரு பகுதியை மாற்றுங்கள்; பல வேளைகளில் அழுக்கு நீரே நோய்க்குக் காரணம். நோய் இன்னதென்று மீன் வளர்ப்பில் தேர்ந்தவரிடம் கேளுங்கள். மருந்து வேண்டுமென்றால், நோயுற்ற மீனை வேறொரு சிறு தொட்டியில் தனியே வைத்து, சொன்ன அளவில், சொன்ன நாள்வரை கொடுங்கள். மீன்கள் எல்லாமே நோயுற்றிருந்தால், நத்தையையும் இறாலையும் அப்புறப்படுத்திவிட்டுத் தொட்டி முழுவதற்கும் மருந்திடலாம். அங்கே நன்மை பெரிது, தீங்கும் குறைக்கப்பட்டது.

இன்னுமொன்று. பெனிசிலினைக் கண்டறிந்த ஃபிளெமிங், 1945-இல் நோபெல் பரிசு பெற்றபோதே எச்சரித்தார்: குறைந்த அளவு மருந்து கிருமியைக் கொல்லாது, மருந்தை எதிர்க்கவே அதற்குக் கற்றுக்கொடுக்கும். நாம் வீதி வடிகாலில் கொட்டும் மருந்து நீர் எங்கே போகிறது? நம் ஊர்ப் பெரிய வாய்க்கால் கடலில்தான் சேருகிறது. மாத்திரைக்கு அடங்காத கிருமி மீனோடு நிற்குமென்று யார் உறுதி சொல்வார்? நாளை அது நம் பிள்ளையின் காய்ச்சலாகவும் வரலாம்.

ஆதலால், அன்பர்களே, இரக்கம் இருதயத்தில் பிறக்கட்டும். ஆனால் கையை அசைக்குமுன் அறிவையும் கலந்து கொள்ளட்டும். வீட்டிலோ, ஊரிலோ, ஒருவருக்கு உதவி செய்ய எழும்போதெல்லாம், இதன் பாரம் வேறு யார்மேல் விழும் என்று ஒரு கணம் கேட்டுக்கொள்வோம். அக்கேள்விக்குச் செலவாகும் நேரம் சொற்பம். அதனால் தப்பும் உயிர்களோ பல.