யாருடைய இடுப்பில் துப்பாக்கி?

ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து இரண்டு பஸ் மாறிக் கண்டிக்கு வந்து படிக்கும் மாணவனொருவன், சென்ற தவணையில் வகுப்பில் எழுந்து நின்று நம்மிடம் ஒரு கேள்வி கேட்டான். முல்லோயாக் கோவிந்தனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த தொழிலாளருள் ஒருவரான கோவிந்தன், 1940ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் திகதி பொலிஸாரின் குண்டுக்கு இரையானார். மலையகத் தொழிலாளர் இயக்கத்தின் முதற் பலியென்று இன்றும் நினைவுகூரப்படுபவர் அவர். “சேர், கோவிந்தன் கையிலும் ஒரு துவக்கு இருந்திருந்தால்?” என்றான் பையன்.

வகுப்புச் சிரித்தது. “இருந்திருந்தால் ஒருவரல்ல, இருபது பேர் செத்திருப்பார்கள்” என்று ஆசிரியர்களுக்கேயுரிய அவசரத்தோடு விடையளித்துவிட்டு மேலே சென்றோம். அந்த விடை போதாதென்பது வீடு திரும்பும் வழியில்தான் நமக்கு உறைத்தது.

பொது இடத்தில் துப்பாக்கியோடு நடமாட ஒருவன் யாரிடமாவது அனுமதி பெறவேண்டுமா? வேண்டாம் என்போர் தற்காப்பு உரிமையைக் காட்டுகிறார்கள். அந்த உரிமையை நாம் மறுக்கவில்லை. தாக்கப்படுபவன் திருப்பித் தாக்குவது எந்தச் சட்டமும் தந்த வரமல்ல. ஆனால் வீட்டுக்குள் இருக்கும் துவக்கு வேறு, வீதிக்கு வந்த துவக்கு வேறு. பாடசாலை விட்ட நேரத்தில் தலதா வீதியில் தோளோடு தோள் உராய்ந்து எத்தனை பேர் போகிறார்கள்! அவர்களில் ஒருவனுடைய இடுப்பில் கைத்துப்பாக்கி இருக்குமாயின், மற்றவர் அனைவருடைய உயிரும் அவனுடைய கோபத்தையும் அச்சத்தையும் கைத்தவறையும் நம்பி நடக்கின்றன. அவர்களை யாரும் கேட்கவில்லை. அனுமதிப்பத்திரம் என்பதன் அறநியாயம் இதுவே என்று கருதுகிறோம். அரசு அளிக்கும் சலுகையன்று அது. உடன் நடக்கும் மனிதரிடம் கேட்கவேண்டிய சம்மதம். ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்க இயலாதாகையால் அவர்கள் சார்பில் ஒரு பொது நிறுவனம் கேட்கிறது.

இங்கேதான் நம் தோழர்கள் குறுக்கிடுவார்கள். அந்தப் பொது நிறுவனம் யாருடையது என்பார்கள். நியாயமான குறுக்கீடு. 1915 மே இறுதியில் இதே கண்டி நகரில் மூண்ட சிங்கள–முஸ்லிம் கலவரத்தை அடக்குவதாகக் கூறி இராணுவச் சட்டம் பிறப்பித்த வெள்ளை அரசு, விசாரணையின்றி மக்களைச் சுட்டது. பொன்னம்பலம் இராமநாதன் மறு ஆண்டு லண்டனில் வெளியிட்ட நூலில் அக்கொடுமைகளை அம்பலப்படுத்தினார். அதே 1916இல்தான் இன்றுவரை நம்மை ஆளும் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும் வந்தது. கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு தோட்டத் துரைமாருக்கென்றே ஒரு துப்பாக்கிப் படை அக்காலத்தில் இருந்ததையும் மறக்கலாகாது. இந்தியாவிலோ 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியனிடம் உரிமம் கேட்டது, ஐரோப்பியனுக்கு விலக்களித்தது. கலிபோர்னியாவில் கறுஞ்சிறுத்தைகள் துப்பாக்கியேந்திப் பொலிஸாரைக் கண்காணிக்கத் தொடங்கிய பிறகே, 1967இல், குண்டேற்றிய துப்பாக்கியைப் பொது இடத்தில் கொண்டு செல்வதற்குத் தடை பிறந்தது. கையொப்பமிட்டவர் ஆளுநர் ரேகன்.

ஆகவே கட்டுப்பாட்டைக் கைவிட்டுவிடலாமா? அமெரிக்க உயர்நீதிமன்றம் ஏறக்குறைய அந்தத் திசையில்தான் சென்றது. துப்பாக்கி கொண்டுசெல்ல விரும்புவோர் தமக்குள்ள தனிப்பட்ட தேவையை நிறுவவேண்டும் என்ற நியூயோர்க்கின் நூறாண்டுப் பழைய விதியை, 2022 ஜூனில் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அது செல்லாததாக்கிற்று. இதில் ஏழையின் விடுதலையைக் காண்போர் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். அனுமதிப்பத்திரம் இல்லாத இடத்தில் பணமே அனுமதிப்பத்திரம். நாட்கூலிக்காரன் பிஸ்டலுக்கு எங்கே போவான்? கட்டுப்பாடு நீங்கினால் துவக்கு கோவிந்தனின் லயத்துக்கு வராது, துரையின் பங்களாவுக்குத்தான் போகும்.

நம்மை அதிகம் அலைக்கழித்தது வேறொரு நினைவு. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டன. நாட்டில் அவசரகாலநிலை பிரகடனமாயிற்று. காக்கவேண்டியவர்கள் காக்கத் தவறியபோது, ‘துப்பாக்கி உனக்கு வேண்டாம், அரசு இருக்கிறது’ என்று எந்த முகத்தோடு சொல்வது? அப்பகுதியில் கடையை இழந்த பெரியவரொருவரிடம் இதையே கேட்டிருக்கிறோம். “என்னிடம் பிஸ்டல் இருந்திருந்தால் கடை தப்பியிருக்கும், மாஸ்டர். ஆனால் நான் ஒரு வெடி வைத்த பிறகு அந்தத் தெருவே தப்பியிருக்காது” என்றார். கூட்டமாய் வருபவன் எதிர்பார்த்திருப்பது அந்த ஒரு வெடியைத்தான் என்பது அவர் கருத்து. அவருடைய சொல்லை நாம் சான்றாக வைக்கிறோமேயன்றி, எரியும் தெருவில் நின்ற வேறொருவருக்குக் கட்டளையாக வைக்கமாட்டோம். அங்கே நம் வாதம் தளர்கிறது. தளர்கிறதென்று ஒப்புக்கொள்வதே நேர்மை.

நம் நாட்டு நடைமுறையைப் பாருங்கள். காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க வேட்டைத் துவக்கு கேட்கும் விவசாயி மாவட்டச் செயலாளரிடம் விண்ணப்பிக்கிறான். தற்காப்புக்கென்று கைத்துப்பாக்கி கேட்பவருக்கு வழங்குவது பாதுகாப்பு அமைச்சு. இரண்டாவது வாயிலில் நிற்பவர்கள் பெரும்பாலும் யார் என்பது ஊரறிந்த செய்தி: அரசியல்வாதிகள், பெருவணிகர்கள். தற்காப்புக்காக வழங்கிய துப்பாக்கிகளைத் தற்காலிகமாகத் திருப்பியளிக்குமாறு 2024 நவம்பரில் அமைச்சே கேட்க நேர்ந்தது. மிரட்டலுக்குள்ளான தொழிற்சங்கத் தோழனுடைய உயிரும், அமைச்சருடைய உயிரும் அந்த வாயிலில் ஒரே தராசில் நிறுக்கப்பட்டதுண்டா? யாருக்கு, என்ன காரணத்துக்காக அனுமதி என்பதை அறியும் உரிமை வீதியில் நடக்கும் நமக்குண்டு. அந்தப் பட்டியல் வெளிவரவேண்டும்.

சட்டவிரோதத் துப்பாக்கிகள் மலிந்த நாட்டில் அனுமதிப்பத்திரம் பற்றிப் பேசுவது வீண் என்றும் ஒரு வாதமுண்டு. 2025 பெப்ரவரியில் கொழும்பு நீதிமன்றமொன்றுக்குள், குடைந்தெடுத்த சட்டப் புத்தகத்தில் மறைத்துக் கொண்டுவந்த கைத்துப்பாக்கியால் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கள்ளத் துவக்கு இருக்கிறதென்பதற்காக அனைவரையும் துவக்கேந்தச் சொன்னால், கள்ளத் துவக்கும் நல்ல துவக்கும் ஒரே கூட்டத்தில் ஒரே தோற்றத்தில் நிற்கும். பிறகு பிரித்தறிவது எவ்வாறு?

இவற்றையெல்லாம் சுருக்கி அடுத்த பாடவேளையில் அந்தப் பையனிடம் சொன்னோம். அனுமதி என்பது உடன் நடப்போரின் சம்மதம் என்று நாம் சொன்னதை அவன் கவனமாகக் கேட்டுக்கொண்டான். பின்பு கேட்டான்:

“அப்படியென்றால் அன்றைக்கு முல்லோயாவுக்குப் போன துவக்குக்கு யார் சேர் சம்மதம் கொடுத்தது?”

முல்லோயாச் சம்பவத்தை ஆராய அந்நாளில் அமைக்கப்பட்ட விசாரணைக் குழுவைப் பற்றி அடுத்த வாரம் படிப்பதாகச் சொல்லியிருக்கிறோம். நூலகத்தில் தேடவேண்டும்.