கிட்னி போகும் என்று யார் சொன்னது?

"சுகர் வந்தாச்சு, இனி கிட்னியும் போகத்தான் செய்யும்." இப்படிச் சொல்லிக்கொண்டே காபியில் இன்னும் அரை ஸ்பூன் சர்க்கரை போடுகிறீர்களே, இந்தத் தீர்ப்பை உங்களுக்கு யார் எழுதித் தந்தார்கள்? எந்த மருத்துவரும் தரவில்லை. நீங்களே எழுதி நீங்களே கையெழுத்தும் போட்டுக்கொண்டது அது. கிழித்துப் போடுங்கள்!

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல். அத்தனை பேருமா டயாலிசிஸுக்குப் போகிறார்கள்?

உங்கள் ரத்தப் பரிசோதனைத் தாளை எடுங்கள். அதில் மெக்னீசியம் என்று ஒரு வரி இருக்கிறதா? அநேகமாக இருக்காது, கேட்டால்தான் பார்ப்பார்கள். டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 1.7 முதல் 2.2 மில்லிகிராம் வரை இருப்பது சரியான அளவு. சர்க்கரை ஏறினால் சிறுநீர் அடிக்கடி போகும், மெக்னீசியமும் அதோடு போய்விடும். அது குறையக் குறைய இன்சுலினின் வேலை மந்தமாகும், சர்க்கரை மறுபடி ஏறும். மெக்னீசியம் குறைந்த சர்க்கரை நோயாளிகளுக்குச் சிறுநீரகம் சீக்கிரம் தளர்வதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. தளர்ச்சிக்கு அதுதான் காரணமா, கூடவே வரும் அடையாளமா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. முடியட்டும், நீங்கள் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம்.

நெஞ்செரிச்சலுக்கென்று வருடக்கணக்காக வெறும் வயிற்றில் போடுகிறீர்களே பான்டோபிரசோல், அந்த வகை மாத்திரைகளும் மெக்னீசியத்தைக் குறைக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011லேயே எச்சரித்தது. "இது எனக்கு இன்னும் வேணுமா டாக்டர்?" என்று கேட்க என்ன தயக்கம்?

அதற்காக மருந்துக்கடைக்கு ஓடி மெக்னீசியம் மாத்திரை வாங்கிவிடாதீர்கள்! தளர்ந்த சிறுநீரகத்தால் மிஞ்சியதை வெளியேற்ற முடியாது. அது தேங்கினால் இதயத் துடிப்பே குலையும். புளித்த ஏப்பத்துக்குக் குடிக்கும் வெள்ளை மருந்துகள் பலவற்றில்கூட மெக்னீசியம் உண்டு. சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்குக் கம்பும் கேழ்வரகும் முருங்கைக்கீரையும் ஒரு பிடி நிலக்கடலையும் போதாதா? அரிசியில் இருந்த மெக்னீசியத்தில் பெரும்பங்கை நாம்தான் தவிட்டோடு மாட்டுக்குப் போட்டுவிட்டோம்.

சிறுநீரகம் வலித்துச் சொல்லாது. கால் வீங்கும்வரை காத்திருப்பது வீரமல்ல, சோம்பல். சிறுநீரில் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம் பாருங்கள். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு அல்புமின் 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நல்லது. தாண்டிவிட்டதா? ஒடிந்து போகாதீர்கள்! ரத்த அழுத்தத்தை அடக்கினால் சேதம் மெதுவாகும். டபாகிளிப்ளோசின் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்தைக் காக்கின்றன என்பது 2020இல் பெரிய ஆய்விலேயே நிரூபணமானது. இந்தியாவில் காப்புரிமையும் முடிந்து அதன் விலை இறங்கிவிட்டது. யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர் சொல்வார்.

ஆனால் கேட்க வேண்டியது நீங்கள்! அடுத்த முறை மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு தலையாட்டி எழுந்துவிடாதீர்கள். நாற்காலியில் நன்றாக உட்கார்ந்து கேளுங்கள்: "சார், யூரின்ல அல்புமின் பார்த்து ஒரு வருஷம் ஆச்சு. மெக்னீசியமும் சேர்த்து எழுதுங்க."