உடற்றொண்டும் உளத்தெளிவும்

உடலுழைப்பு உள்ளத்தையுந் திருத்துமோ என்பது ஈண்டு ஆராயற்பாலது. வாரந்தோறும் 150 முதல் 300 நிமிடம் மிதமாக உடலை இயக்குக எனவும், அதனால் மனக்கவலையுந் தணியும் எனவும் உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவுறுத்திற்று. நம் சித்தாந்தமும் உடம்பை இகழ்ந்தொதுக்குவதன்று. தனு கரணங்கள் ஆணவ இருளிற்கிடந்த உயிர்க்கு விளக்குப்போல் உதவுவன என்றே கொள்ளும்.

ஆயின் ஈண்டொரு வேறுபாடு உண்டு. தன் மெய் வலிவுறுதற்கே உழைப்பானிடத்து 'யான்' என்னுஞ் செருக்கும் உடன்வளர்தல் கூடும். அடியார் நடக்குந் திருவீதியைச் செதுக்குவானுக்கோ, மெய் வலிவுறும்போதே அச்செருக்குத் தேயும். 7-ஆம் நூற்றாண்டில் விளங்கிய திருநாவுக்கரசு சுவாமிகள் முதுமையினும் உழவாரத்தைக் கைவிட்டாரல்லர். திருப்புகலூரிற் பணிசெய்யுமிடத்துப் பொன்னும் மணியுந் தோன்ற, அவற்றைப் பருக்கைக்கல்லோடு ஒப்பக்கருதி, உழவாரத்தில் ஏந்தி வாவியில் எறிந்தனர் எனப் பெரியபுராணங் கூறும். நெடுநாட் பயின்ற கைத்தொண்டு அச்சமநிலைக்குத் துணையாயிற்றென்பது எம் துணிபு.

ஆகலின், திருக்கோயிற் பணியனைத்தையுங் கூலியாளர்க்கே விடுத்துச் சரியையை நூலளவில் ஓதியமைதல் நம்மனோர்க்குச் சாலாது. முதியோர் இயன்ற அளவும், இளையோர் நாடோறும் அரைமணியேனும் திருவலகும் உழவாரமும் ஏந்துவாராக. அங்ஙனம் ஏந்தின் வாரத்திற்கு 210 நிமிடமாம். மெய்க்கும் அது போதும், உள்ளமும் உடன் தெளியும்.