இன்னும் கொஞ்ச காலம்

பிறருடைய பக்குவத்தை அளக்க உட்காருகிறவர் முதலில் தன் தேவையை எடுத்து ஓரமாக வைக்க வேண்டும். அமெரிக்க பேஸ்பாலில் ஓர் இளைஞனை மேஜர் லீக்கில் இறக்குவதா, இன்னும் கொஞ்ச காலம் மைனர் லீக்கில் பழக விடுவதா என்று முடிவெடுத்தவர்களின் கதைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றுகிறது.

1973 ஜூன் 27. டெக்சஸ் மாநிலத்தின் ஆர்லிங்டன் மைதானத்தில் டேவிட் கிளைட் பந்து வீச வந்தான். வயது 18. பள்ளிக்கூடத்துக்காகக் கடைசி ஆட்டம் ஆடி மூன்று வாரம்கூட ஆகவில்லை. கூட்டம் சேராமல் தவித்த ரேஞ்சர்ஸ் அணிக்கு அன்று மைதானம் நிரம்பியது. முதல் இரண்டு பேட்டர்களுக்குப் பந்து சரியாக விழவில்லை. இருவரும் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போனார்கள். அடுத்த மூவரையும் வரிசையாக ஸ்ட்ரைக் அவுட் செய்தான். ஆட்டமும் வெற்றி. அதோடு அவனை மைனர் லீக்குக்கு அனுப்பியிருக்க வேண்டும். உரிமையாளர் பாப் ஷார்ட் அனுப்பவில்லை. பையன் பந்து வீசினால் டிக்கெட் விற்றது. 24 வயதில் அவனுடைய மேஜர் லீக் ஆட்டம் முடிந்துபோனது: 18 வெற்றி, 33 தோல்வி.

அதனால் காத்திருக்க வைப்பதுதான் எப்போதும் நியாயம் என்றும் சொல்லிவிட முடியாது. 1951 மே மாதம் நியூயார்க் ஜெயண்ட்ஸ் அணிக்கு வந்த வில்லி மேஸுக்கு வயது 20. முதல் 12 வாய்ப்புகளில் ஒரு ஹிட்கூட இல்லை. பிறகு ஒரு ஹோம் ரன், மறுபடியும் வறட்சி. உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து அழுதார். மேனேஜர் லியோ டுரோச்சரும் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. ஷார்ட் செய்ததும் டுரோச்சர் செய்ததும் வெளிப்பார்வைக்கு ஒரே காரியம்தான். ஒருவர் வாசலில் நின்ற வரிசையைப் பார்த்தார். மற்றவர் அழுத பிள்ளையைப் பார்த்தார். டுரோச்சருக்கும் வெற்றி வேண்டியிருந்தது, உண்மைதான். ஆனாலும் பையனின் கண்ணீருக்கு அடியில் இருந்த திறமை அவர் கண்ணில் பட்டது.

உயிர் பக்குவப்படும் வரை இறைவன் பொறுத்திருக்கிறான் என்கிறது சைவ சித்தாந்தம். அவனுக்கு நம்மிடம் ஆக வேண்டியது ஒன்றுமில்லை. அதனால் அவன் பார்வையில் பிசகில்லை. மனிதருக்கு அந்தப் பார்வை முழுதாகக் கைகூடாது. முடிவெடுக்கும் அந்த ஒரு பொழுதிலாவது கைகூட வேண்டும் என்று வேண்டிக்கொள்ளலாம்.

இன்னும் பழக வேண்டும் என்று ஒருவரைக் கீழே அனுப்புகிறவருக்கு வேறொரு கடமையும் வந்து சேர்கிறது. 2000இல் டொராண்டோ அணியின் பிட்சர் ராய் ஹாலடேயின் பந்துகளை எதிரணிகள் ஓயாமல் அடித்தன. அந்த ஆண்டு அவருடைய இ.ஆர்.ஏ., அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ரன்களின் சராசரி, 10.64. மறு ஆண்டு அவரை ஃபுளோரிடாவின் டனீடினுக்கு, மைனர் லீக்கின் கீழ்ப் படிகளில் ஒன்றுக்கு அனுப்பினார்கள். ஆனால் தனியாக விட்டுவிடவில்லை. மெல் குவீன் என்ற பயிற்சியாளர் கூடவே நின்று, நெட்டுக்குத்தாக மேலிருந்து வந்த அவருடைய கையைச் சற்றே பக்கவாட்டில் இறக்கி, வீச்சையே புதிதாகப் பழக்கினார். நேராகப் போய்க்கொண்டிருந்த பந்து விலகவும் தாழவும் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலையில் ஹாலடே டொராண்டோவுக்குத் திரும்பினார். 2003இல் 22 வெற்றிகளோடு, அமெரிக்கன் லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது அவருக்குக் கிடைத்தது.