சமயப் பொறையும் கிறித்தவ நெஞ்சமும்

பொறை என்பது தமிழ்மக்கள் நெடுங்காலமாகப் போற்றிவரும் பண்பு. திருவள்ளுவர் அதற்குப் ‘பொறையுடைமை’ என ஓர் அதிகாரமே வகுத்தார். எனினும், சமயத் துறையில் பொறை என்பது யாது என்னும் வினா எளிதில் விடை காணத்தக்கதன்று. தன் சமயமே மெய் என்று உளமார நம்பும் ஒருவன், அதனை ஏற்காதவனை எங்ஙனம் மதிப்பான்? மதித்தால் தன் நம்பிக்கையில் தளர்ந்தவன் ஆகானோ? தளராதிருந்தால் அவன் காட்டும் மதிப்பு வெறும் நடிப்பாகாதோ? நற்செய்தியை உலகெங்கும் அறிவித்தல் தம் கடமை எனக் கொண்ட கிறித்தவர்க்கு இவ்வினா மிகவும் கூர்மையானது.

காப்பார், கிள்ளான் வட்டாரத்துத் தமிழர்க்கு இஃது ஏட்டளவில் நிற்கும் வினாவன்று. அண்ணன் தேவாலயத்துக்கும் தம்பி முருகன் கோயிலுக்கும் செல்லும் குடும்பங்கள் இங்கு உண்டு. இந்துவாக வாழ்ந்த தந்தை மறைகிறார். கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகனோ கிறித்தவன். சடங்கைச் செய்தால் அவன் மனச்சான்றுக்கு மாறு. விலகி நின்றால் பெற்றவர்க்கு ஆற்றும் கடமையில் குறை. சுற்றத்தார் சினக்கின்றனர். அந்த ஒரு நாளில் பிளவுபட்ட குடும்பம் பல்லாண்டு கூடாமற் போதலும் உண்டு. இத்தகைய வேளையில் பொறை என்னும் சொல்லுக்குப் பொருள் என்ன?

அன்பைப் போதித்த சமயத்தின் வரலாறு முழுவதும் அன்பின் வரலாறாக அமைந்துவிடவில்லை. செனீவா நகரில் 1553ஆம் ஆண்டு செர்வீட்டசு என்னும் அறிஞர், கொள்கை வேறுபாட்டிற்காக உயிரோடு எரிக்கப்பட்டார். கோவாவில் 1560இல் தொடங்கிய சமய விசாரணை மன்றம், இடையே சில ஆண்டுகள் நீங்கலாக, 1812 வரை நிலவியது. பிற சமயத்தை அறிய முயல்வதுகூட ஒருகாலத்தில் ஐயத்துக்கு உரியதாயிற்று. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து அச்சிட்டார். அவரே தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றியும் விரிவாக ஆராய்ந்து 1713இல் ஒரு நூல் எழுதி முடித்தார். அந்நூல் செர்மனியில் உறங்கிக் கிடந்து, 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. தம் சமயத்தைப் பரப்ப வந்தவரே பிறர் சமயத்தை அறிய விழைந்தார். அவ்விழைவின் பயன் வெளிவர நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாயின.

இவ்விரண்டும் ஒரே நெஞ்சில் இனிது பொருந்தும் என்பதற்கு மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் வாழ்வு தக்க சான்று. 1826இல் குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த அவர், நடுவர் மன்றத்தில் முன்சீபாகப் பணியாற்றினார். தேவமாதா அந்தாதியைப் பாடிய அவரே, சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளையும் இயற்றினார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரோடு நெருங்கிய நட்புப் பூண்டார். 1876 முதல் 1878 வரை தமிழகத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தில், பசித்தவரின் சமயத்தை வினவாமல் அவர்க்கு உதவினார். சைவப் பெரும்புலவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, இக்கிறித்தவரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு குளத்துக்கோவை பாடினார். வேதநாயகர் தம் சமயத்தைக் கைவிடவில்லை. மகாவித்துவானும் திருநீற்றை அழிக்கவில்லை.

மகாவித்துவானின் இறுதி நாள் இன்னும் ஆழ்ந்து எண்ணத்தக்கது. 1876ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அவர் உயிர் பிரியும் வேளையில், மாணாக்கர் உ. வே. சாமிநாதையர் திருவாசகத்தின் அடைக்கலப்பத்தை ஓதினார். அப்போது ஆசிரியரின் அருகிருந்து பணிவிடை செய்தவர் சவேரிநாத பிள்ளை என்னும் கிறித்தவ மாணாக்கர். ஆசிரியரின் செவியில் இறுதியாக விழவேண்டியது ஆசிரியரின் வேதமே என்பதை அவர் உணர்ந்திருந்தார். அவ்வுணர்வால் அவருடைய கிறித்தவம் குன்றிற்றா? குன்றவில்லை, அன்பால் அது நிறைவுற்றது என்பதே பொருந்தும்.

‘எல்லாச் சமயமும் ஒன்றே’ என்று கூறிப் பூசலைத் தீர்க்க முயல்வார் பலர். நல்லெண்ணம் உடைய கூற்றே ஆயினும், அது வினாவைத் தீர்ப்பதில்லை, மறைக்கிறது. வேறுபாடே இல்லையெனில் பொறைக்கு அங்கு என்ன வேலை? உடன்பாடு வேறு, மதிப்பு வேறு. உடன்படாத இடத்தில் காட்டும் மதிப்பே பொறை எனப்படும். அதன் வேர் கிறித்தவ நம்பிக்கைக்குள்ளேயே இருக்கிறது. வற்புறுத்தலால் வரும் நம்பிக்கை நம்பிக்கையன்று. ஆதலால் பிறர் மனச்சான்றைக் காத்தல் தன் சமயத்தைக் காத்தலேயாகும். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், சமயத்தில் எவரையும் வற்புறுத்தலாகாது என்றும், பிற சமயங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் திருச்சபை தள்ளுவதில்லை என்றும் அறிவித்தது. மறு ஆண்டு, 1966 ஏப்ரலில், கத்தோலிக்கத் துறவியாகிய தனிநாயகம் அடிகளின் பெருமுயற்சியால் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கூடியது. தமிழ் அங்கே பல சமயத்தாரை ஓர் அவையில் அமரச் செய்தது.

ஆகவே, கிறித்தவன் தன் நம்பிக்கையை எடுத்துரைக்கலாம். அது அவன் உரிமை. ஆனால், நோயாலும் வறுமையாலும் தளர்ந்திருப்பவனின் நெருக்கடியைத் தன் சமயத்துக்கு ஆள்சேர்க்கும் வாய்ப்பாகக் கொள்ளுதல் தகாது. அயலான் தொழும் தெய்வத்தைப் பேயென இகழ்தலும் தகாது. பிறர் சமயத்தைப் பற்றி அவன் கூறும் விளக்கத்தைக் கேட்டு, அச்சமயத்தார், ‘ஆம், யாம் நம்புவது இதுவே’ என ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நேர்மையே பொறையின் உரைகல்.

இனி, தந்தையை இழந்த அந்த மகனிடம் மீள்வோம். மனச்சான்று இடந்தராவிடின் அவன் கொள்ளியைத் தம்பியிடம் விடலாம். சுற்றத்தார் அவனை வற்புறுத்தலாகாது. பொறை இருபாலார்க்கும் உரிய அறம். ஆனால், சிவபுராணம் ஓதப்படும் கூடத்தை விட்டு அவன் வெளியேற வேண்டுவதில்லை. தந்தையின் முடிவு குறித்துத் தீர்ப்புரைத்தல் அவன் பணியுமன்று. பாடையைத் தோளில் தாங்குதற்கு எந்தச் சமயமும் தடையாவதில்லை. அன்று சவேரிநாத பிள்ளை ஆசிரியர்க்குச் செய்ததை, இன்று அம்மகன் தந்தைக்குச் செய்யலாம்.