எதிரே யார் வீடு?

அக்கா கேட்ட ஒரு கேள்வி என்னை விட மாட்டேன் என்கிறது.

அக்கா மகள் நர்சிங் படித்து, சேலத்தில் சில வருடம் வேலை பார்த்து, இங்கிலாந்தில் ஓர் அரசு மருத்துவமனைக்குத் தேர்வாகியிருக்கிறாள். லண்டனுக்குக் கிழக்கே, கடலோரத்தில் சவுத்எண்ட் என்ற ஊர். முதல் சில வாரங்களுக்கு மருத்துவமனையே தங்க இடம் தரும். அப்புறம் அவள் பாடு. இரண்டு இடங்கள் பார்த்து வைத்திருந்தாள். ஒன்று கிழக்கு லண்டனில் ஈஸ்ட்ஹாம், தமிழ்ப் பெண்கள் சேர்ந்து எடுத்திருக்கிற வீட்டில் ஓர் அறை. மற்றது சவுத்எண்டிலேயே, மருத்துவமனைக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு மாடி அறை. நைனார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்த மாடி அறையின் படங்களை செல்போனில் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். கட்டில், அலமாரி, மேசை, வெள்ளைத் திரை போட்ட சன்னல்.

அக்கா அந்தச் சன்னல் மேல் விரலை வைத்தாள். "இதத் தொறந்தா எதுக்க யார் ஊடு?"

"அது போட்டோல எப்படிம்மா தெரியும்?" என்றாள் மகள்.

எல்லாப் படங்களிலும் திரை மூடித்தான் இருந்தது. துணிக்குப் பின்னால் வெளிச்சம் இருந்தது, அவ்வளவுதான். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. எனக்கு மட்டும் அந்தத் திரை போகவில்லை.

கணக்காகப் பார்த்தால் சவுத்எண்ட்தான் சரி. அங்கே நர்சுகளுக்கு ஒரு ஷிப்ட் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல். நைட் டூட்டி முடித்துவிட்டு ரயிலேறி, பார்க்கிங் என்ற ஊரின் ஸ்டேஷனில் மாறி, ஈஸ்ட்ஹாம் வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். டிசம்பரில் மாலை நாலு மணிக்குள் சூரியன் இறங்கிவிடும் ஊர் அது. வாடகையில் மிச்சப்படுவதை ரயில் டிக்கெட் தின்றுவிடும். முன்பணமும் பயமுறுத்தவில்லை. 2019இல் வந்த சட்டப்படி, சாதாரண வீடுகளுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் முன்பணம் கேட்க முடியாது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இதை நம்பவே கஷ்டமாக இருக்கும். இதையெல்லாம் நானே அவளுக்கு எடுத்துச் சொன்னேன். அக்காவும் தலையாட்டினாள். ஆனால் அவள் கேட்டது வாடகையைப் பற்றி இல்லையே.

ஈஸ்ட்ஹாமுக்கு நம் மக்கள் போனது எப்படி என்று யோசித்துப் பார்க்கிறேன். 1983 ஜூலை கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தப்பிப் போனவர்கள் லண்டனில் ஈஸ்ட்ஹாம், டூட்டிங், வெம்ப்ளி, ஹாரோ என்று போய்ச் சேர்ந்தார்கள். எந்தத் தெரு நல்ல தெரு என்று விசாரித்துக்கொண்டிருக்க அவர்களுக்கு ஏது நேரம்? முன்னால் போனவர் எங்கே இருக்கிறாரோ அங்கே இறங்கினார்கள். பிறகு கடை வந்தது, கோயில் வந்தது. இன்று ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் நடந்தால் தமிழ்ப் பலகை மாட்டிய கடைகள். மகாலட்சுமி கோயில் அந்தத் தெருவிலேயே இருக்கிறது, பக்கத்து மேனர் பார்க்கில் முருகன் கோயில். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தமிழைத் தங்கள் முதன்மை மொழியாக எழுதியவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அக்கா கேட்ட கேள்விதான் அன்று தப்பிப் போனவர்களுக்கும் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

அக்காவுக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அப்பா தெரு வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தை எங்கள் நிலத்தில் இருந்த காட்டுக்கொட்டாய்க்கு மாற்றினார். எங்கள் பக்கம் இது வழக்கம். கிணறும் மோட்டாரும் காட்டில் இருக்கும். அப்போது கரண்ட் ராத்திரியில் வரும். குச்சிக்கிழங்குக்கும் கரும்புக்கும் தண்ணீர் கட்டுகிறவன் தெருவில் படுத்துக்கொண்டிருக்க முடியாது. அம்மா போக மாட்டேன் என்று அழுதாள். கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்: கொட்டாயின் மண்சுவரில் கிழக்குப் பக்கமாக ஒரு சன்னல் வேண்டும். கிழக்கே இரண்டு காடு தள்ளி இன்னொரு கொட்டாய் இருந்தது. பொழுது சாய்ந்ததும் அங்கே அரிக்கேன் விளக்கு ஏற்றுவது எங்களுக்குத் தெரியும். எங்கள் விளக்கு அவர்களுக்குத் தெரியும்.

அந்தக் கொட்டாய்க்காரருக்கும் எங்களுக்கும் பேச்சு கிடையாது. வரப்புத் தகராறு. ஒரு நாள் ராத்திரி அக்காவைத் தேள் கொட்டியது. அப்பா எங்கோ மடை மாற்றப் போயிருந்தார். அம்மா விளக்கை எடுத்துக்கொண்டு வாசலுக்கும் கிணற்றடிக்கும் ஓடி ஓடி அப்பாவைக் கூப்பிட்டாள். அப்பா வருவதற்கு முன் வரப்பு மேல் டார்ச் வெளிச்சம் வந்தது. "இந்நேரத்துக்கு வெளக்கு அலையுதேன்னு வந்தேன்" என்றார் அவர். அக்காவை சைக்கிளில் உட்கார வைத்து, அம்மாவைப் பின்னால் பிடித்துக்கொண்டு நடக்கச் சொல்லி, சின்னசேலம் ஆஸ்பத்திரிக்கு மிதிக்காமல் தள்ளிக்கொண்டே போனார். அதற்குப் பிறகும் தகராறு தீரவில்லை. சர்வேயர் வந்து அளந்தபோது அவர் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல்தான் நின்றார்.

இதை நான் வெகு நாள் நல்ல மனிதர் ஒருவரின் கதையாகவே நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. எங்கள் மேல் பிரியம் இருந்து அவர் வரவில்லை. எங்கள் விளக்கு எந்நேரத்தில் எங்கே இருக்கும் என்பது அவருக்குப் பழகியிருந்தது. அது இடம் மாறியதும் எழுந்து வந்துவிட்டார்.

இந்தக் கதையை அக்கா மகளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "மாமா, நைட் டூட்டி முடிச்சு நான் சின்னசேலத்துல பஸ் ஏறுனா, இங்க எறங்கறதுக்குள்ள எத்தன மணிக்கு வந்தேன், யார்கூடப் பேசுனேன்னு தெருவுக்கே தெரிஞ்சிருக்கும். எதுக்க ஊடு இல்லாத எடமா ஒண்ணு கெடச்சா எனக்கு அதே போதும்" என்றாள். குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. டார்ச்சோடு வருகிற கண்ணும் பஸ் ஸ்டாப்பில் மணி பார்க்கிற கண்ணும் ஒரே கண்தான் என்பதை அவள் சொல்லித்தான் நான் கவனித்தேன். பெண்ணாகப் பிறந்து இந்தத் தெருவில் நடந்தவளுக்கு அது தெரிகிறது. எனக்கு வாழ்நாள் முழுக்கத் தெரிய வேண்டிய தேவையே வரவில்லை.

கணித மேதை ராமானுஜன் நினைவு வந்தது. 1910இல் வி. ராமசாமி ஐயர் என்ற அதிகாரியைத் தேடி அவர் வந்த திருக்கோவிலூர் இன்று எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருப்பதாலோ என்னவோ, அவர் வாழ்க்கை வரலாற்றை ஓர் உரிமையோடு படித்தேன். பாதிதான் மனதில் நிற்கிறது. 1914 ஏப்ரலில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தவர், கேம்பிரிட்ஜில் முதலில் நெவில் என்ற கணித ஆசிரியரின் வீட்டில் இருந்தார். சில வாரங்களில் டிரினிட்டி கல்லூரி அறைக்கு மாறினார். வேலை அங்கே, அவரை வரவழைத்த ஹார்டி அங்கே. அக்கா மகளுக்கு நான் சொன்ன அதே கணக்கு. தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு அங்கே இருந்தார்.

ஒரு நாள் அவர் அறைக்கு வந்த மகலனோபிஸ், அப்போது அவரும் கேம்பிரிட்ஜில் மாணவர்தான், ராத்திரியில் குளிர் தாங்குகிறதா என்று கேட்டாராம். மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையைச் சுற்றிக்கொண்டு படுக்கிறேன் என்றிருக்கிறார் ராமானுஜன். மகலனோபிஸ் உள்ளே போய்ப் பார்த்தால், கட்டிலில் கம்பளிகள் எல்லாம் விரிப்புக்கு அடியில் இறுக்கிச் செருகியபடி இருக்கின்றன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று ராமானுஜனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. முதல் முதலாகப் படித்தபோது இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். சுற்றிலும் மனிதர்கள், அதுவும் அவர் அருமை தெரிந்தவர்கள். படுக்கையை எட்டிப் பார்க்க ஒருவர் தற்செயலாக வர வேண்டியிருந்தது. நெவில் வீட்டிலேயே தங்கியிருந்தால் இது நடந்திருக்குமா என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பதில் யாரிடமும் இருக்காது.

எங்கள் ஊரில் மழை விட்ட மறுநாள் வடமேற்கே கல்வராயன் மலை தெளிவாகத் தெரியும். அங்கே வாழும் மலையாளி என்ற பழங்குடி மக்களிடம் ஒரு கதை உண்டு: காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள், அதில் ஒன்று இந்த மலை என்பார்கள். யார் எந்த மலைக்கு என்பதில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். எனக்கு வேறு சந்தேகம். ஒன்றாகக் கிளம்பியவர்கள் ஏன் ஒரே மலையில் தங்கவில்லை? ஊரை விட்டுப் போனவர்கள் சேர்ந்திருக்கத்தானே நினைப்பார்கள்? அக்கா மகளைப் போல அவர்களில் ஒருவருக்காவது மற்றவர் கண்ணில் படாத இடம் வேண்டியிருந்ததோ என்று இப்போது நினைக்கிறேன்.

போன வாரம் அந்த சவுத்எண்ட் தெருவைக் கூகுளில் தேடிப் பார்த்தேன். விரலால் தள்ளினால் தெருவில் நடந்து போகலாம். செங்கல் வீடுகள், வாசலில் குப்பைத் தொட்டிகள். அந்த மாடிச் சன்னலுக்கு எதிரே பச்சைக் கதவு போட்ட வீடு. வாசலில் ஒருவர் நிற்கிறார். முகத்தை மட்டும் கலைத்திருக்கிறார்கள், எல்லோருக்கும் செய்வதுபோல. ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. அக்காவிடம் காட்டலாமா என்று யோசித்து, காட்டவில்லை.

அக்கா மகள் சவுத்எண்ட் அறைக்கே பணம் கட்டிவிட்டாள். நான்தான் சொன்னேன், அந்த யோசனையில் இன்னும் நிற்கிறேன்: உடம்பு தேற வேண்டும், தூக்கம் வேண்டும், லீவு நாளில் ஈஸ்ட்ஹாம் போய்க்கொள்ளலாம். பச்சைக் கதவுக்காரருக்கு அவள் அறை விளக்கு பழக எத்தனை மாதம் ஆகும், பழகுமா, பழகுவதை அவள் விரும்புவாளா என்பதெல்லாம் என் யோசனைக்குள் வரவில்லை.

நேற்று அவள் வேறொன்று கேட்டாள். அக்கா இன்னும் காட்டுக்கொட்டாயில்தான் இருக்கிறாள். கிழக்குக் கொட்டாய்க்காரரின் பிள்ளைகள் நிலத்தை விற்றுவிட்டுத் திருப்பூர் போய்விட்டார்கள். அங்கே இப்போது விளக்கு இல்லை. "நான் போயிட்டா அம்மாவ தெருவுக்குக் கூட்டியாந்துடலாமா, இல்ல அங்கியே உடறதா மாமா?" என்றாள். அக்கா வர மாட்டாள் என்பது எனக்குத் தெரியும். வரச் சொல்வது சரிதானா என்பது தெரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.