ஆயாக்கொட்டகையும் சர்வகலாசாலையும்

சுபாங் ஜெயாவின் உயர்ந்த மாடங்களைக் காண்போரில், அந்நிலம் ஒரு காலத்தில் சீபீல்டு ரப்பர் தோட்டமாக இருந்ததென்பதை நினைப்பவர் சிலரே. 1976-ல் அதை நகரமாக்கத் தொடங்கினர். 2020-ல் அது மாநகர் என்னும் பட்டமும் பெற்றது. நம் பாட்டிமார் இருட்டோடு எழுந்து பால்மரம் வெட்டிய அவ்வட்டாரத்தில் இன்று மோனாஷ், சன்வே, டெய்லர்ஸ் முதலிய சர்வகலாசாலைகள் நிற்கின்றன. தோட்டத்துப் பேத்திகள் ரசாயனமும் எஞ்சினீயரிங்கும் போதிக்கும் ஆசிரியைகளாக விளங்கும் காலமும் வந்துவிட்டது. இதைக் கண்டு மகிழாதார் யார்? ஆயினும், பத்துப் பன்னிரண்டு ஆண்டு உழைத்து, கை தேர்ந்த பருவத்திலே, வேலையை விட்டு வீடு திரும்பும் பெண்களும் அவர்களுள் உளர். அது ஏன் என்பதே நம்மை உறுத்தும் கேள்வி.

நாம் தோட்டத்துக் கிராணி. செக்ரோலும் பேரேடுமே நாம் கற்ற சாஸ்திரம். ரப்பர்க் கன்றை நட்டால் ஆறேழு ஆண்டுவரை செலவுண்டு, வரவில்லை. பால் கொடுக்கத் தொடங்கி நாலைந்து ஆண்டான மரத்தை எந்தத் துரையும் தறித்துத் தள்ளச் சொல்லமாட்டார். அப்படிச் செய்பவரைப் பைத்தியக்காரர் என்றே கம்பெனி எண்ணும். பள்ளிப் பருவம் முதல் டாக்டர் பட்டம்வரை இருபது ஆண்டுக்கு மேல் ஒரு பெண்ணின் கல்விக்குப் பெற்றோரும் தேசமும் செலவிட்டபின், அவள் பலன் தரும் காலத்தில் அவளைப் போகவிடும் நிர்வாகத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

தோட்டத்து வாழ்வைப் புகழ நாம் முன்வரவில்லை. லயத்தின் புழுக்கமும், அரைவயிற்றுச் சம்பளமும், கங்காணியின் வசையும் அறிந்தவர் எவரும் அதைப் புகழார். ஆயினும் அங்கே ஆயாக்கொட்டகை என்று ஒன்று இருந்தது. பெரட்டுக்குப் போகுமுன் தாய் தன் குழந்தையை அங்கே விடுவாள். ஒரு கிழவி தொட்டிலை ஆட்டிக்கொண்டிருப்பாள். 1990-ம் ஆண்டுச் சட்டமும் தோட்ட முதலாளிக்கு இக்கடமையை விதித்திருக்கிறது. கொட்டகை கட்டியது கருணையினால் அன்று. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மரம் வெட்ட முடியாது. வெட்டாவிட்டால் பால் இல்லை. லாபம் ஒன்றையே கருதியவனுக்கும் விளங்கிய இவ்வுண்மை, அறிவையே தொழிலாகக் கொண்ட இடங்களில் விளங்காமற் போவது வேடிக்கையல்லவா?

இங்கே ஒரு நியாயம் பேசப்படும். "விதி எல்லாருக்கும் ஒன்று. இத்தனை ஆண்டில் இத்தனை ஆராய்ச்சிக் கட்டுரை என்று ஆணுக்கும் விதித்திருக்கிறோம், பெண்ணுக்கும் விதித்திருக்கிறோம். ஒருவருக்கு மட்டும் அவகாசம் கொடுத்தால் அது சலுகையன்றோ?" கேட்பதற்கு இது நேர்மையாகவே இருக்கிறது. ஆனால் அவ்விதியை வகுத்தவர் யாரை மனத்தில் வைத்து வகுத்தார்? இரவு பத்து மணிக்கு ஆய்வுக்கூடத்திலிருந்து திரும்பினால் சுடுசோறு காத்திருக்கும் ஒருவரை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருவர் விழித்திருக்கும் வீட்டுக்காரரை. சம்பளமில்லாத ஒரு மனைவியின் உழைப்பு அவ்விதிக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. ஆகவே சலுகை புதிதாகக் கேட்கப்படுவதன்று. ஒரு சாராருக்கு அது நெடுநாளாக வழங்கிவருகிறது, பெயர் மட்டும் வைக்கவில்லை.

இவ்வநீதி குடும்பத்தோடு நின்றுவிடுவதுமில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நான்சி ஹாப்கின்ஸ் என்னும் உயிரியல் பேராசிரியை, ஆராய்ச்சிக்குச் சிறிது கூடுதல் இடம் கேட்டுக் கிடைக்காதபோது, அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடங்களை அளந்தார். ஆண்களுக்கு உள்ளதைவிடத் தமக்கு இடம் குறைவென்று கண்டார். 1999-ல் அக்கழகமே வெளியிட்ட அறிக்கை ஒரு விசித்திரத்தைச் சொல்லிற்று: இளம் ஆசிரியைகள் தமக்குக் குறையில்லை என்றே எண்ணினர், அனுபவம் ஏற ஏறத்தான் ஒதுக்கப்படுதலை உணர்ந்தனர். வாசலில் மாலையிட்டு வரவேற்று, கூடத்தில் நாற்காலி போடாத வீடு போலும்!

"திறமையுள்ளவள் எப்படியும் மேலே வருவாள்" என்பாரும் உண்டு. அவர்கள் சென்னை லலிதாவைக் காட்டுவார்கள். 15 வயதில் மணம், 18 வயதில் கைம்மை, கையில் நாலு மாதக் குழந்தை. அந்நிலையில் கிண்டி எஞ்சினீயரிங் கல்லூரியில் சேர்ந்து 1943-ல் தேறினார் அவர். வணங்கத்தக்க வாழ்வே. ஆனால் தகப்பனார் அக்கல்லூரியிலேயே ஆசிரியர் என்பதையும், பிற்காலத்தில் கல்கத்தாவில் உத்தியோகம் பார்க்கையில் உடன்பிறந்தார் குடும்பம் துணை நின்றதையும் ஏன் விட்டுவிடுகிறார்கள்? அத்தகைய வீடு வாய்க்காத லலிதாக்கள் எத்தனை பேரோ!

நம் நாட்டுச் சட்டம் சிறிது அசைந்திருக்கிறது. 2023 ஜனவரி முதல் பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாயிற்று. தகப்பனுக்கு 7 நாள். (பிள்ளை யாருடையது என்பதில் சட்டத்துக்கு ஐயமில்லை போலும்.) வேலை நேரத்தை மாற்றித்தரும்படி தொழிலாளி எழுத்து மூலம் கேட்கலாம், முதலாளி 60 நாளுக்குள் பதில் தரவேண்டும், மறுத்தால் காரணம் கூறவேண்டும்.

நம் உறவினர் ஒருவர் ஒரு கலாசாலையில் எஞ்சினீயரிங் போதிக்கிறார்; பெயர் வேண்டாம். வீட்டில் நாலு வயதுப் பிள்ளை, படுக்கையில் மாமியார். மாலை வகுப்பைக் காலைக்கு மாற்றித்தரும்படி எழுதிக் கொடுத்திருக்கிறார். ராஜினாமாக் கடிதமும் எழுதி வைத்திருக்கிறார். தேதி மட்டும் போடவில்லை. விண்ணப்பம் கொடுத்து இன்றோடு 41 நாள் ஆகிறது.